டோல்கேட் ஸ்டிக்கரும் பேட்டரி இல்லாத கேமராவும்



நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் லாரியோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும், சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். இவை எல்லாவற்றின் முன் கண்ணாடியிலும் இன்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஓமலூரிலோ, ராசாம்பாளையத்திலோ, வைகுந்தத்திலோ வண்டி டோல்கேட்டை நெருங்கியதும் மேலே உள்ள பெட்டி அந்த ஸ்டிக்கரைப் படிக்கிறது, பணம் கழிகிறது, கட்டை தூக்குகிறது. ஃபாஸ்டேக் என்பது அதன் பெயர்.

லாரி புக்கிங் ஆபீஸில் பல வருஷம் இருந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அதுக்குள்ள பேட்டரி இருக்குதுங்களா சார்? எத்தனை வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும்?"

பேட்டரி இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் தொலைபேசித் துறையில் கம்பியோடும் அலையோடும் காலம் கழித்தவனுக்கு ஒரு வார்த்தையில் நிறுத்த மனம் வராது. பேட்டரி இல்லாமல் ஒரு பொருள் எப்படிப் பேசும்? எண்ணைச் சொல்லும் இந்த ஸ்டிக்கர் நாளைக்குப் படம் காட்டுமா? வீடியோ அனுப்புமா? அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையில் போர் உண்டு, ஒற்று உண்டு, மாடு உண்டு, சென்னையில் படித்தவர்களும் உண்டு.

வெயிலும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

சின்ன வயதில் உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து, எதிர் வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடாதவர் நம்மில் யார்? கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் தருகிறது, நாம் சாய்த்தால் போகிறது, திருப்பினால் நிற்கிறது. இதையே தந்தி மொழியாக்கி, 1869-இல் ஹென்றி மான்ஸ் என்ற ஆங்கிலேயத் தந்தி அதிகாரி 'ஹீலியோகிராஃப்' என்ற கருவியைச் செய்தார். மலைக்கு மலை செய்தி போயிற்று. பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை.

ஃபாஸ்டேக் இதே விளையாட்டுத்தான். டோல்கேட்டின் மேலே உள்ள ரீடர்தான் சூரியன். அது ரேடியோ அலையை வீசுகிறது. ஸ்டிக்கருக்குள் மெல்லிய உலோகத்தில் ஓர் ஆண்டெனாவும், கடுகைவிடச் சின்ன ஒரு சிப்பும் உண்டு. வந்த அலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு சிப் விழித்துக்கொள்கிறது. பிறகு ஆண்டெனாவோடு சேர்ந்த ஒரு ஸ்விட்சைத் திறந்து மூடுகிறது. ஒரு நிலையில் அலை நன்றாகத் திரும்புகிறது, மறு நிலையில் குறைவாகத் திரும்புகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் ஒன்றும் பூஜ்யமும். டேக் தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. வந்ததைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவே.

மரச்சின்னத்தில் ஒளிந்திருந்த காது

இந்தத் தந்திரத்தின் மிகப் பிரபலமான முதல் உபயோகம் நல்ல காரியத்துக்கு அல்ல. 1945 ஆகஸ்டில், சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. அது தூதரின் இல்லத்தில் தொங்கியது. அதற்குள் லெவ் தெரமின் என்ற விஞ்ஞானி செய்த ஒரு சின்ன உலோக அறையும் ஓர் ஆண்டெனாவும் இருந்தன. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அடித்தால், அறையில் பேசும் குரலுக்கு ஏற்ப அதன் மெல்லிய தகடு அதிர்ந்து, திரும்பும் அலையை மாற்றியது. வெளியே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1952-இல்தான் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். ஏழு வருஷம்! சொந்தமாக எதையும் ஒலிபரப்பாத பொருளை எப்படித் தேடுவது?

1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், திருப்பி அடிக்கும் அலையால் தகவல் அனுப்பலாம் என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். ஆனால் சிப் என்ற பொருளே இல்லாத காலம். யோசனை இருந்தது, அதைச் சின்னதாகச் செய்ய வழி இல்லை.

1970-களில் வழி பிறந்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார், 1975-இல் இந்த முறையில் இயங்கும் டேக் பற்றி வெளியிட்டார்கள். அணுகுண்டுக்குப் பெயர்போன அந்த ஆய்வகத்திடம் மாடுகளை அடையாளம் காண ஒரு டேக் வேண்டும் என்று கேட்டது அந்நாட்டு வேளாண்மைத் துறை. மாட்டுக்கு யோசித்தது பிறகு வண்டிக்கு வந்தது. 1987-இல் நார்வேயிலும், 1989-இல் அமெரிக்காவின் டல்லாஸிலும் டோல் வசூலுக்கு மின்னணு டேக் பயன்பட்டது.

நம் சாலைக்கு வந்த விதம்

நாம் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லிப் பழகிய சாலை இன்று 44. அது நான்கு வழியானபோது டோல்கேட்டும் சேர்ந்து வந்தது. அப்போது வரிசை நீளம், சில்லறைத் தகராறு, ரசீதுக் கத்தை. டிரிப் ஷீட்டோடு அந்த ரசீதுகளையும் வைத்துத்தான் முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒன்று பறந்துபோனாலும் டிரைவர் தலையில் விழும்.

2005-இல் மத்திய அரசு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இந்த வகை டேக்குகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. 2010-இல் நந்தன் நீலேகணி தலைமையிலான குழு, நாடு முழுவதும் ஒரே டோல் முறை எது என்று பார்த்தது. பேட்டரியோடு இயங்கும் பெட்டியை வண்டிக்குள் வைக்கும் முறையும் அதன் முன் இருந்தது. குழு தேர்ந்தெடுத்தது பேட்டரி இல்லாத ஸ்டிக்கரை. அது மலிவு என்பதே பெரிய காரணம். லட்சக்கணக்கான வண்டிக்கு விலை உயர்ந்த பெட்டி கட்டுப்படியாகாது. ஸ்டிக்கர் எளிமையாக இருக்கட்டும். வேலை முழுவதையும் டோல்கேட் ரீடரும், அதன் பின்னால் உள்ள வங்கிக் கணினிகளும் செய்யட்டும்.

2014-இல் மும்பை–அகமதாபாத் சாலையில் சோதனை, 2016-இல் நாடு தழுவிய தொடக்கம். 2017 டிசம்பர் முதல் விற்கும் புது நாலு சக்கர வண்டிக்குக் கட்டாயம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல், டேக் இல்லையென்றால் இரட்டைக் கட்டணம் என்ற விதி வந்தது.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். பணம் ஸ்டிக்கருக்குள் இல்லை. அதற்குள் இருப்பது முக்கியமாக ஓர் எண். பணமெல்லாம் வங்கியில். ஸ்டிக்கர் கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு மாதிரி. அதை அடையாளம் பார்ப்பது எதிரே இருப்பவர் வேலை.

படம் என்பது பெரிய மூட்டை

இப்போது அடுத்த கேள்வி. டோல்கேட்டில் டேக் படிக்கும் ரீடர் தவிர, நம்பர் பிளேட்டைப் பார்க்கும் கேமராவும் உண்டு. கேமராவுக்குக் கரண்ட் வேண்டும், கேபிள் வேண்டும். கேமராவையே ஸ்டிக்கர் மாதிரி பேட்டரி இல்லாமல் செய்ய முடியாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேக் சொல்லும் எண் வழக்கமாக 96 பிட், அதாவது 12 பைட். 176-க்கு 144 புள்ளி உள்ள ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தில் 25,344 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்றால், அந்த ஒரு படம் 2,112 டேக் எண்களுக்குச் சமம். அசையாத ஒரே படத்துக்கு இவ்வளவு.

வீடியோ என்றால்? 1280-க்கு 720 புள்ளி உள்ள ஹெச்.டி. படம், வினாடிக்குப் பத்து. வினாடிக்கு 92 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகள். பிட்டாக்கினால் 7 கோடியே 37 லட்சத்துக்கு மேல். இந்த டேக் முறையின் உச்ச வேகம் வினாடிக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் பிட். நூறு மடங்குக்கும் மேல் இடிக்கிறது.

படத்தைச் சுருக்கி அனுப்பலாமே என்பீர்கள். சுருக்கும் கலையில் நம்மவர் பங்கு பெரிது. 1974 ஜனவரியில், நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்பது அதன் பெயர். அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்றவர். இந்த யோசனைக்கு 1972-இல் அகமது நிதி கேட்டபோது, ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்களாம். இன்று நம் கைபேசியில் வரும் ஜேபெக் போட்டோவும், பெரும்பாலான வீடியோவும் அந்த எளிமையான கணக்கு இல்லாமல் நகராது.

ஆனால் டேக்குக்கு அதனால் பயனில்லை. வீடியோவைச் சுருக்குவது கடினமான வேலை. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எது நகர்ந்தது என்று தேடித் தேடிக் கணக்கிட வேண்டும். விரிப்பது சுலபம். டெலிவிஷன் காலத்தில் அது நியாயமான ஏற்பாடு: சுருக்கும் நிலையம் ஒன்று, விரித்துப் பார்க்கும் வீடுகள் கோடி. கஷ்டமான வேலை பணக்கார நிலையத்துக்கு, சுலபமான வேலை ஏழை வீட்டுக்கு. டேக் கேமராவில் அது தலைகீழாகிறது. அனுப்புகிறவன்தான் ஏழை, பெறுகிற ரீடர் பணக்காரன். பாரத்தைப் பெறும் பக்கத்துக்கே மாற்ற முடியும் என்று 1973-லும் 1976-லும் கணித ரீதியாகவே காட்டினார்கள். 2002 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகங்களில் வீடியோவுக்கு அதைச் செய்து பார்த்தார்கள். அந்த வழியிலும் அனுப்புகிறவனுக்குக் கொஞ்சம் கணக்கு மிச்சம் இருந்தது.

பழைய டி.வி. சொல்லித் தந்த வழி

வாஷிங்டன் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ளது. அங்கே ஜோஷுவா ஸ்மித் என்ற பேராசிரியர், ரீடரின் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து இயங்கும் டேக்குகளில் பல வருஷம் உழைத்தவர். 2015-இல் அவர் குழு, பேட்டரி இல்லாத ஒரு டேக்கில் கேமராவைப் பொருத்தியது. அலையிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் சேர்த்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு படம் எடுத்து, அதை நினைவில் வைத்து, துண்டு துண்டாக ரீடருக்குச் சொல்லும். 176-க்கு 144 என்று மேலே சொன்னேனே, அந்த அளவுப் படம்தான். ஊற்று சுரக்கும்வரை காத்திருந்து குடம் நிரப்புகிற மாதிரி. வேலை நடக்கும், வீடியோ ஆகாது.

2018 ஏப்ரலில் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரைதான் திருப்பம். சமன் நாதெரிபரிசி, மெஹ்ரதாத் ஹெஸ்ஸார், வம்சி தல்லா, ஷியாம்நாத் கொல்லகோட்டா, ஜோஷுவா ஸ்மித் ஆகியோர் எழுதியது. இதில் கொல்லகோட்டா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2013-இல் டி.வி. நிலையத்தின் அலையையே திருப்பி அடித்துப் பேட்டரி இல்லாத இரண்டு கருவிகளைப் பேச வைத்த குழுவிலும் அவர் உண்டு.

அவர்கள் செய்தது, எண்ணாக மாற்றும் வேலையையே விட்டுவிட்டது. கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்துக்கு ஏற்ற ஒரு மின்னழுத்தத்தைத் தருகிறது. வழக்கமான கேமரா அதைப் பெருக்கி, எண்ணாக்கி, சுருக்கி, பிறகு அனுப்பும். ஒவ்வொரு படியும் மின்சாரம் தின்னும். இவர்கள் புள்ளியின் மின்னழுத்தத்தை நேராக ஆண்டெனா ஸ்விட்சுக்கே கொடுத்துவிட்டார்கள். வெளிச்சத்தின் அளவுக்கு ஏற்ப ஸ்விட்ச் போட்டிருக்கும் நேரம் கூடும், குறையும். அலை அப்படியே திரும்புகிறது. அதைப் படமாக்குவது ரீடர் பாடு.

நமக்கு இது புதிதா? 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது வந்த கறுப்பு வெள்ளைப் படமும், எண்ணே இல்லாத படம்தான். 625 வரி, வினாடிக்கு 25 படம். காட்சியின் வெளிச்சத்துக்கு ஏற்ப அலையின் வலு ஏறி இறங்கும். நம் வீட்டுப் பெட்டி அதை அப்படியே திரையில் வரையும். பழையது என்று கழித்துக்கட்டிய அந்த அனலாக் வழி, பேட்டரி இல்லாத கேமராவுக்குக் கைகொடுத்தது. ஒரு சின்ன மாற்றம்: டி.வி.யில் ஒரு வரி முடிந்ததும் மறுபடி இடக்கோடிக்குத் தாவ வேண்டும். இவர்கள் வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி, ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று படித்தார்கள். பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் திடீர் ஏற்ற இறக்கம் குறையும். அலைக்கு அகலமும் குறைவாகப் போதும்.

முடிவு: ஹெச்.டி. வீடியோ, வினாடிக்குப் பத்துப் படம், 16 அடி தூரம். வழக்கமான முறைகளைவிட ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு குறைந்த மின்சாரம். சிப்பாகச் செய்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுதான் முறை. கடையில் கிடைக்கும் ஹெச்.டி. கேமராவின் புள்ளிகளை நேராகத் தொட முடியாது. ஆகவே ஏற்கெனவே எடுத்த வீடியோவை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்துத்தான் அந்தச் சோதனை நடந்தது. இதோடு, சின்னப் படம் எடுக்கும் காவல் கேமரா ஒன்றையும் வினாடிக்கு 13 படம் என்ற வேகத்தில் இயக்கிக் காட்டினார்கள்.

பாரம் எங்கே போகிறது?

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் உடனே யோசிப்பார்கள்: ஷெட்டில் கூண்டு வரிசைக்கு ஒன்று ஒட்டிவிடலாமே, பேட்டரி மாற்றும் தொல்லை இல்லையே என்று. அவசரப்பட வேண்டாம். 16 அடிக்கு ஒரு ரீடர் என்றால் அதற்குக் கரண்டும் செலவும் உண்டு. நம் நாட்டில் இதற்கென்று 2005-இல் திறந்த அலைவரிசை 2 மெகாஹெர்ட்ஸ் அகலம். பழைய டி.வி. சேனல் ஒன்றே 7 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டது. ஹெச்.டி. படம் அந்தச் சந்துக்குள் நுழையாது. சின்னப் படம், மெதுவான படம் என்றால் யோசிக்கலாம்.

எழுபது வருஷக் கதையிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். சிக்கல் என்பது மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. ஸ்டிக்கர் எளிமையானதென்றால் ரீடர் சிக்கலானது. கேமரா லேசானதென்றால் பெறும் பெட்டி கனமானது. நல்ல பொறியாளர் கேட்கும் கேள்வி, இந்தப் பாரத்தைத் தாங்க யாருக்குத் தெம்பு இருக்கிறது என்பது. அமெரிக்க ஆய்வகமும் சரி, நீலேகணி குழுவும் சரி, அந்தக் கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள்: பலம் உள்ள பக்கம் சுமக்கட்டும்.

ஆனால் ஸ்டிக்கர் வரைக்கும் எளிமையாக்கிய ஏற்பாடு, ஸ்டிக்கர் ஒட்டிய மனிதனிடம் வரும்போது மாறிவிடுகிறது. ரீசார்ஜ், குறுஞ்செய்தி, ஓ.டி.பி., 2024-இல் வந்த கே.ஒய்.சி. புதுப்பிப்பு, ஒரு வண்டிக்கு ஒரே டேக் என்ற விதி. ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டும் வயதான உரிமையாளருக்கு இது ரசீதுக் கத்தையைவிடக் கனம். பேரன் ஊரில் இல்லாத நாளில் டேக் முடங்கினால் கூடுதல் கட்டணம். இங்கே பாரம் பலம் இல்லாத பக்கத்துக்கு வந்துவிட்டது.

சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. 2018 மே மாதத் திருத்த விதிப்படி, டேக் சரியாக இருந்து, பணமும் இருந்து, டோல்கேட்டின் கருவிக் கோளாறால் படிக்க முடியாவிட்டால், வண்டியைக் கட்டணம் இல்லாமல் விட வேண்டும். பூஜ்யம் என்று போட்ட ரசீதும் தர வேண்டும். ரீடரின் குறைக்கு ரீடர்தான் பொறுப்பு. லாரி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

நாளைக்குப் பேட்டரியே இல்லாத கேமரா பண்ணைக்கும் பட்டறைக்கும் வரும்போது, இதே கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும். படத்தை யார் பார்க்கிறார்கள், எங்கே சேர்த்து வைக்கிறார்கள், தவறு வந்தால் யார் தலையில் விழும்? மரச்சின்னத்துக்குள் ஏழு வருஷம் ஒளிந்திருந்த காதும் இதே உத்தியில்தான் வேலை செய்தது. பேட்டரியும் இல்லாமல், கம்பியும் இல்லாமல் இருக்கிற கண்ணை யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால் அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைப்பதைச் சட்டமாக்குவது, அது வருவதற்கு முன்பே நடக்க வேண்டும்.